ஐந்து நாற்பதுக்கு ஒரு கோடு

முதலில் செருப்பைத்தான் பார்ப்பார். ஆளின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் மெஹபூப் அலி பாய்க்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஸ்போர்ட்ஸ் ஷூ என்றால் ஒரு சலாம். தேய்ந்த ரப்பர் செருப்பு என்றால் ஒரு இருமல். செருப்பே இல்லையென்றால் கொஞ்சம் நீளமான இருமல். ஆழ்வார்பேட்டையில் எங்கள் தெருமுனைப் பூங்காவின் வாசலில், காலி பெயிண்ட் பக்கெட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பத்தொன்பது வருஷமாக இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே ஒன்பது சிமெண்ட் பெஞ்சுகள் இருக்கின்றன. ஒன்றிலாவது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"பெஞ்சில உட்காரலாமே பாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாருனா பாத்தா?"

"பார்த்தா என்ன?"

"பாத்துட்டாங்கன்னா, பாத்துட்டாங்கதானேம்மா" என்றார். இந்த மனிதரிடம் இதற்கு மேல் என்ன வாதம் செய்வது!

ஐம்பத்தொன்பது வயது. குச்சி உடம்பு. காண்டிராக்டர் கொடுத்த காக்கிச் சட்டை இரண்டு சைஸ் பெரிசு. சின்னதாக மாற்றித் தரும்படி கேட்கப் பயம், அதனால் அப்படியே போட்டுக்கொண்டிருக்கிறார். நாய்க்குப் பயமில்லை, பாம்புக்குப் பயமில்லை. போன மழையில் சறுக்குமரத்துக்கு அடியிலிருந்து ஒரு பாம்பைக் கோணியில் பிடித்துக்கொண்டுபோய் விட்டுவந்தார். ஆனால் சீல் குத்திய காகிதம் எதைப் பார்த்தாலும் கை சில்லிட்டுப்போகும். பால் கார்டுகூட அவருக்கு கவர்மெண்டு பேப்பர்தான். "இவுருக்கு நெழலக் கண்டாலும் சலாம் போடணும்" என்பார் அவர் மனைவி ஹாஜிரா பீ. அந்தம்மாள் பயப்பட்டு நான் பார்த்ததில்லை. வீட்டில் ஒருத்தர் பயப்பட்டால் போதும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

வீடு என்று சொல்வது பூங்காவின் மோட்டார் ரூமைத்தான். போர் மோட்டார் ஒரு பக்கம், இவர்களுடைய கட்டில் ஒரு பக்கம். ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து காண்டிராக்டருக்கு ஒரு தாள் போகும். காவலர் 'தொடரலாம்', 'மாற்றவும்' என்று அதில் இரண்டு கட்டங்கள். சங்கத்தின் செயலாளர் வெங்கடரமணன் ஒன்றில் டிக் போட்டுக் கையெழுத்துப் போடுவார். 'மாற்றவும்' என்று விழுந்தால் வேலையோடு மோட்டார் ரூமும் போய்விடும். அதனால் ஏப்ரல் பிறந்தாலே பாய்க்குச் சோறு இறங்காது.

சும்மா சொல்லக் கூடாது, வெங்கடரமணன் சார் கெட்டவர் இல்லை. கறார். பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்திரண்டு வயது. பதினான்கு 'கூடாது'கள் கொண்ட பலகையை எழுதி வாசலில் நட்டவர் அவர்தான். காலையில் முதல் ஆளாக வருவார். மாடும் பைக்கும் நுழையாமல் வாசலில் கம்பி வளைத்து ஒரு வழி வைத்திருக்கிறார்கள், உடம்பைத் திருப்பித் திருப்பித்தான் உள்ளே போக வேண்டும். அதில் நுழைந்து, இடது கையைப் பாண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, மிடுக்காகப் பன்னிரண்டு சுற்று நடப்பார். "பையன் புனேக்கு வந்துடு, வந்துடுங்கறான். என்னாத்துக்கு? நான் நன்னா நடந்துண்டுதானே இருக்கேன்?" என்று வாரம் ஒருமுறையாவது என்னிடம் சொல்வார். எனக்கு முழங்கால் வலி. நன்றாக நடப்பவர்கள்மேல் எனக்கு நல்லெண்ணம் கிடையாது. சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போவேன்.

பாய் யாரையும் 'வெளியே போ' என்று சொன்னதில்லை. சொல்ல வாய் வராது. அவர் வழி வேறு. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தூரத்திலிருந்து பெருக்க ஆரம்பிப்பார். பெருக்கிக்கொண்டே கிட்டே வருவார். பெஞ்சில் படுத்திருப்பவரைச் சுற்றி ஒரு வட்டம், அப்புறம் அதைவிடச் சின்ன வட்டம். தூசி மூக்கில் ஏறி அந்த ஆள் தானாக எழுந்து போய்விடுவார். பாய் தலைநிமிராமல் பெருக்கிக்கொண்டே இருப்பார். இஸ்திரி வண்டிக்காரரின் குழந்தைகள், கட்டட வேலைக்கு வந்த பெண்கள், பதினொரு மணிக்கு நிழலுக்கு வந்து உட்காரும் ருக்சார் என்ற திருநங்கை, எல்லோரையும் இப்படித்தான் பெருக்கித் தள்ளினார். எங்கள் பூங்கா அவ்வளவு சுத்தமாக இருந்ததற்குக் காரணம் இதுதான் என்று எனக்கு வெகுநாள் தெரியாது.

ஏப்ரலில் மாநகராட்சியிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. சீல் குத்தியிருந்தது. பூங்காக் காவலர்கள், தோட்டக்காரர்கள், விளையாட்டுத் திடல் மேற்பார்வையாளர்கள், நீச்சல் குளத்தில் விசில் ஊதுபவர்கள் எல்லோருக்கும் தேனாம்பேட்டையில் ஒரு ஹாலில் இரண்டு நாள் பயிற்சி. பூங்கா எல்லோருக்கும் பொது, யாரும் விடுபட்டுப் போகக் கூடாது என்பதைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி. பாய் அதை வேலையைவிட்டு அனுப்பக் கூப்பிடும் கூட்டம் என்று முடிவு செய்துவிட்டார். ரம்ஜானுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ரேஷன் கார்டு, ஆதார், பத்தொன்பது வருஷத்து அடையாள அட்டைகள் எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டு, பஸ் தாமதமாகிவிடுமோ என்று விடியற்காலையிலேயே நடந்து போயிருக்கிறார்.

நடந்ததை வாசலில் நின்று தவணை தவணையாக என்னிடம் சொன்னார். பயிற்சி கொடுத்த பெண்ணின் பெயர் மாளவிகா. முப்பது வயசு இருக்குமாம். "'அய்யா, அய்யா'ன்னு பேசுதும்மா அந்தப் பொண்ணு. திட்னா இன்னா தப்புன்னு தெரியும். அன்பா பேசுனா இன்னா வரப்போவுதுன்னே தெரில."

ஆளுக்கொரு தாள் கொடுத்து, போன வாரம் உங்கள் பூங்காவிலிருந்து எத்தனை பேரை வெளியே அனுப்பினீர்கள், பெயர் போட வேண்டாம், எழுதுங்கள் என்றிருக்கிறாள். மற்ற நாற்பது பேரும் யாரையும் அனுப்பவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விவரமானவர்கள். பாய் தாளின் தலையில் இருந்த சின்னத்தைப் பார்த்தார். கவர்மெண்டு பேப்பரில் பொய் எழுதினால் என்ன ஆகுமோ என்று பயந்து, பதினொன்று என்று எழுதி, ஒன்று முதல் பதினொன்று வரை அடையாளத்தோடு வரிசையாக எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டார்! உலகத்தில் பயத்தினால் பொய் சொல்பவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இவர் பயத்தினால் உண்மை பேசுகிறவர்.

அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு, எப்படி அனுப்புவீர்கள் என்று கேட்டாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஹால் மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துச் செய்தே காட்டினார். முதலில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் புகழேந்தி என்ற திடல் மேற்பார்வையாளர் எழுந்து, "நாங்க பெஞ்சு மேல தண்ணி ஊத்தி வுட்ருவோம்" என்றாராம். இன்னொருவர், "நாங்க ஊஞ்சலக் கழட்டி மாடில போட்ருவோம்" என்றாராம். ஹால் முழுக்க வாயைத் திறந்துவிட்டது. மாளவிகா அசந்துபோய், பாயின் கையைப் பிடித்துக் குலுக்கி, அவருடைய பூங்காவையே மாதிரிப் பூங்காவாக எடுத்துக்கொண்டாள். போச்சுடா!

அந்தப் பதினொன்றில் மூன்றாவது, 'பெஞ்சில் தூங்கினவர், சோறு கொண்டுபோகிற கம்பெனி சட்டை'. தமிழ்மாறன் என்று பேர். மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டு வந்து படுப்பவர். அந்த ஆள் குறட்டை விடுகிறார், என்ன பூங்காவா சத்திரமா என்று பாயிடம் போய்ச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். நாலு நாள் அந்த ஆள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மாதிரிப் பூங்காவுக்கு ஒரு நோட்டு கொடுத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்தது. பெண்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளி, திருநங்கை, மற்றவர் என்று கட்டங்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் நேரத்தைப் போட்டு ஒரு கோடு போட வேண்டும். யாரையும் தடுக்கக் கூடாது, எழுப்பக் கூடாது. நீங்கள் யார், என்ன என்று கேட்டு மனசை நோகடிக்கக் கூடாது. கண்ணில் பட்டதை எழுத வேண்டும். இத்தோடு விட்டிருந்தால் பாய் பிழைத்திருப்பார். மாளவிகா சிரித்துக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னாளாம். நடுவில் ஒருநாள் எங்கள் ஆள் ஒருவர் சும்மா வருவது மாதிரி வந்து பார்ப்பார், யார் என்று சொல்ல மாட்டோம்.

"யாரா வேணா இருக்கலாமாம்மா" என்றார் பாய்.

அன்றிலிருந்து அவர் பட்ட பாடு! ரப்பர் செருப்புக்கும் சலாம், வெறுங்காலுக்கும் சலாம். பூனையைத் தேடி வந்த ஒருத்தருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். சோளம் விற்கிற பெண் உள்ளே வந்து குழந்தைக்குப் பால் கொடுத்தபோது, திரும்பி நின்று அரைமணி நேரம் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார். ருக்சார் மூன்று நாள் தொடர்ந்து வந்து உட்கார்ந்து, நாலாம் நாள் நேரே வந்து, "இன்னா பாய், இந்தப் பக்கம் தொடப்பத்தையே காணோம்? ஒடம்புக்கு முடியலியா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். அதைக் கேட்டதும், அந்தச் சோதனை ஆள் ருக்சார்தானோ என்று பாய்க்கு இரண்டு நாள் காய்ச்சல்.

துடைப்பத்தைத் தொடவே பயந்தார். யார் பக்கத்திலாவது போய்ப் பெருக்கினால், துரத்துகிறார் என்று எழுதிவிட்டால்? பூங்காவில் எந்நேரமும் யாராவது உட்கார்ந்திருந்தார்கள், அதனால் எந்நேரமும் பெருக்க முடியவில்லை. மே மாதம் முழுக்கத் தூங்குமூஞ்சி மரம் கொட்டிய கொட்டில் கணுக்கால் வரைக்கும் சருகு. தமிழ்மாறன் இப்போது இரண்டு சிநேகிதர்களோடு வந்து படுத்தார். மூன்று குறட்டை. நான் வாயைத் திறக்கவில்லை.

வெங்கடரமணன் சார் திறந்தார். "ஏம்பா அலி, இது என்ன, பார்க்கா குப்பைத்தொட்டியா? ஆத்துல உக்காந்துண்டிருக்கறவா எல்லாம் எனக்கு ஃபோன் பண்றா. ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல உன் தாளுக்கு ஒரு முடிவு பண்ணிடலாம். அந்த நோட்டையும் கொண்டா. யார் யார் வந்துண்டிருக்கான்னு நான் பாக்கணும்."

சனிக்கிழமை காலை பாய் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. மோட்டார் ரூம் வாசலில் ஹாஜிரா பீயும் நின்றிருந்தார். நோட்டைப் பிரித்து, விரலை 'மாற்றுத்திறனாளி' கட்டத்தில் வைத்தார். ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு கோடு. ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஐந்து நாற்பது. எனக்குப் புரியவில்லை. அந்தக் கம்பி வழியில் சக்கர நாற்காலி வர முடியாது, ஊன்றுகோல்காரர் வர முடியாது. அப்படி யாரையும் நான் பார்த்ததும் கிடையாது.

"யார் பாய் இது?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் காற்றாகத்தான் வந்தது. "செகரட்டரி சாரு."

"என்ன உளர்றீங்க?"

"எடது காலு வர மாட்டேங்குதும்மா அவுருக்கு. நோம்பு மாசத்துலேர்ந்து. கம்பில நொழையறப்ப டெய்லியும் செருப்பு முன பட்டு டங்குனு ஒரு சவுண்டு வரும். எடது செருப்பு முனைல தேஞ்சு கீது, வலது நல்லா கீது. கைய ஜோபிலேர்ந்து எடுக்கவே மாட்டாரு. மொதல்ல நா இன்னா நெனச்சன்னா, டெஸ்ட்டுக்கு வர்ற ஆளே இவுருதான், நா எழுதறனா பாக்கறதுக்கு நடிச்சுக் காட்றாரோன்னு. அத்தொட்டு கோடு போட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹாஜிரா பீ சிரிக்கவில்லை. "நடிப்பு இல்லம்மா அது. போன வாரம் இந்த ரூமுக்குப் பின்னால செருப்பு கழண்டு வுழுந்துருச்சு அவுருக்கு. மாட்ட முடியாம செவுத்தப் புடிச்சுக்கினு எவ்ளோ நேரம் நின்னாரு தெரியுமா? குனிஞ்சு பாத்தாரு, காலால தேடிப் பாத்தாரு. வாய்ல சேலையக் கடிச்சுக்கினு உள்ளாறவே நின்னேன். வெளிய வந்து உதவி பண்ணா செத்துருவாரு மனுஷன்."

இரண்டு வருஷமாக அந்த மனிதர் பின்னால் தினமும் நடக்கிறேன். இடது கை பைக்குள் இருப்பதை மிடுக்கு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! என்ன நோயோ தெரியாது. புனேயில் இருக்கும் பையனுக்கும் தெரியாது என்பது மட்டும் தெரிந்தது. தெரிந்தால் அடுத்த ரயிலில் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவான்.

"அந்தக் கோட்டை அடிச்சுடுங்க பாய்" என்றேன். எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. "இல்லேன்னா பக்கத்தைக் கிழிச்சுடுங்க."

"நம்பர் போட்டுக் கீதேம்மா. கிழிச்சா அவுங்க கேப்பாங்க. அடிச்சா இன்னாத்துக்கு அடிச்சேன்னு கேப்பாங்க. உட்டா சாரு கேப்பாரு. ரூமு போய்டும். இவளக் கூட்டிக்கினு எங்கம்மா போவேன்?" என்றார். அடுத்த சுற்று நடக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு வந்துவிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஞாயிறு காலை ஏழு மணி. மரத்தடியில் சங்கத்துக்காரர்கள் ஆறு பேர். வெங்கடரமணன் சார் பெஞ்சில் நடுவாக உட்கார்ந்திருந்தார். காமாக்ஷி மாமி அவர் பக்கத்தில். சருகைக் காலால் தள்ளித் தள்ளி, "கர்மம், கர்மம்" என்றுகொண்டிருந்தார் மாமி. பாய் எதிரில் நின்றார். இரண்டு சைஸ் பெரிய சட்டைக்குள் அவர் ஆடுவது எனக்குத் தெரிந்தது. சார் நோட்டை மடியில் வைத்து, வலது கையால் புரட்டினார்.

"திருநங்கை, ஒண்ணு. சரி. மத்தவா, பதினேழு. அடேயப்பா. இது யாரு? மாற்றுத்திறனாளின்னு தினம் ஒரு கோடு போட்டிருக்க?"

பாய் சாரின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் அப்படி யாரையும் பாத்ததேயில்லையே" என்றார் மாமி.

"நாள் தவறாம போட்டிருக்கானே! அஞ்சு நாப்பது, அஞ்சு நாப்பது, அஞ்சு நாப்பது. அது எப்படி? அஞ்சு நாப்பதுக்கு நான்தானே மொதல்ல வரேன்? எனக்கு முன்னாடி வேற யாரும் இங்க..."

அதோடு நின்றுவிட்டார். புரட்டிக்கொண்டிருந்த விரல் அந்தப் பக்கத்திலேயே நின்றது. மற்றவர்கள் அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அவர் மெல்ல நிமிர்ந்து பாயைப் பார்த்தார். அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை பாயின் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"தப்பு சார்" என்றார் பாய். "அந்நேரம் இருட்டா கீது. கண்ணு சரியாத் தெரில. யாரும் வர்ல சார் அப்டி. நாந்தான் தப்புத் தப்பா போட்டுட்டேன்."

தாளில் ஒரு பொய்க்கோடு போடப் பயந்தவர், ஆறு பேருக்கு முன்னால் நின்று இப்படிச் சொன்னார். காமாக்ஷி மாமி விடுவாரா? "பாத்தேளா? குப்பையும் பெருக்கறதில்லை. கண்ணும் தெரியலையாம். இந்த மாதிரி ஆள வாசல்ல வெச்சுண்டு என்ன பண்றது? பேசாம மாத்திடுங்கோ."

மற்ற நாலு பேரும் தலையாட்டினார்களா இல்லையா என்று நான் கவனிக்கவில்லை. வெங்கடரமணன் சார் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நோட்டின்மேல் வைத்தார். பேனாவைத் திறந்தார். எழுத வேண்டுமானால் தாளைப் பிடித்தாக வேண்டும். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு இடது கையைப் பாண்ட் பையிலிருந்து வெளியே எடுத்தார். அது தாளின் ஓரத்தைத் தொட்டதும் தாள் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பேனா முனை இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் நின்றுவிட்டது. மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

பாய் இரண்டு எட்டு முன்னால் வந்தார். செயலாளரின் எதிரில் சருகின்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பேனா எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்று பார்க்காமல், தலையை நன்றாகக் குனிந்துகொண்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தத் தாளை நோட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.